அக்காவுக்கு எழுதச் சொன்ன புகழாரம்

1

அப்பா தவறி ஒரு வருஷம் முடியப்போகிற சமயம், அண்ணனிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"ஷீலா, ஞாபகார்த்தக் கூட்டத்தை சபை ஹால்லயே வெச்சிருக்கோம். அதோட சேர்த்து கிரேஸுக்கும் ஒரு பாராட்டு பண்ணிடலாம்னு இருக்கேன். நீ ஜூம்ல வந்து அஞ்சு நிமிஷம் புகழாரம் சூட்டணும். நல்ல தமிழ்ல இருக்கட்டும். நீதான் காலேஜ்ல பேச்சுப் போட்டியெல்லாம் ஜெயிச்சவளாச்சே. ஸ்தோத்திரம்."

எதைக் கேட்டாலும் கடைசியில் ஒரு ஸ்தோத்திரத்தைப் போட்டுவிட்டால் எதிராளி மறுக்க முடியாது என்பது எங்கள் சாம் அண்ணனுக்கு நன்றாகத் தெரியும்.

கிரேஸ் என் அக்கா. எனக்கும் சாம் அண்ணனுக்கும் நடுவில் பிறந்தவள். சிட்லபாக்கத்தில், நாங்கள் மூன்று பேரும் வளர்ந்த வீட்டில், அம்மாவோடு இருக்கிறாள். நான் இருப்பது இங்கிலாந்தில், கோவென்ட்ரியில். வந்து பதினாறு வருஷம் ஆகிறது. ஒரு முதியோர் இல்லத்தில் யார் எந்த ஷிப்ட் பார்ப்பது என்று அட்டவணை போடுகிற வேலை எனக்கு.

மேஜையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த என் மகள் ரூத் தலையைத் தூக்கினாள். இங்கேயே பிறந்த பெண். தமிழ் புரியும், பேசினால் பாதிக்கு மேல் இங்கிலீஷ்தான் வரும்.

"அம்மா, புகழாரம்னா என்ன?"

"ரொம்பப் பெரிய பாராட்டு. மேடையில மைக் பிடிச்சுச் சொல்றது."

அவளுக்கு என் விளக்கம் எப்போதுமே போதாது. போனில் அந்த வார்த்தையைப் போட்டுப் படங்களாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

"பெரியம்மாவுக்கு என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலையே. ஏன்?"

"இதுல எல்லாருமே செத்துப் போனவங்க. போட்டோ, பூ, கேண்டில். எல்லாத்துலயும் இந்த வேர்டுதான் இருக்கு."

"சீ, வாயைக் கழுவு" என்று அதட்டினேன். வெங்காயத்தை நறுக்கி முடித்து, தாளித்து, குழம்பு கொதிக்கிற வரைக்கும் அவள் சொன்னதே காதில் கேட்டுக்கொண்டிருந்தது. இங்கே பிறந்து தமிழை எட்ட நின்று பார்க்கிற பிள்ளைக்கு ஒரு நிமிஷத்தில் தெரிந்தது எனக்கு உறைக்க இவ்வளவு நேரம் ஆயிற்று. இத்தனைக்கும் அண்ணன் எதற்காக அக்காவுக்குத் திடீரென்று விழா எடுக்கிறான் என்று எனக்குத் தெரியும். அக்கா மூன்று மாதம் முன்னால் என்னிடம் சொன்ன ஒரு விஷயம்தான் காரணம்.

2

அந்த விஷயத்துக்கு வருகிறேன். அதற்கு முன்னால் இந்த வார்த்தையைப் பற்றிக் கொஞ்சம் திட்டிவிடுகிறேன், இல்லாவிட்டால் மனசு ஆறாது.

அகராதியில் பார்த்தால் புகழாரத்துக்குப் புகழ் மாலை என்று அழகாகப் பொருள் போட்டிருக்கும். பழக்கத்தில் அது என்ன? நம் ஊர்ப் பேப்பரை ஒரு வாரம் புரட்டிப் பாருங்கள். ஒருவருக்குப் புகழாரம் கிடைக்க வேண்டுமென்றால் அவர் பதவியில் இருக்க வேண்டும், அல்லது சவப்பெட்டிக்குள் இருக்க வேண்டும். பணி ஓய்வு பெறுகிறவர்களுக்கும் உண்டு. இனிமேல் நாளைக்கு வந்து எதுவும் கேட்க மாட்டார் என்று உறுதியான பிறகுதான் நம்மவர்கள் வாயைத் திறக்கிறார்கள்.

தினமும் எதிரில் நிற்கிற ஆளுக்கு நாம் என்ன சொல்கிறோம்? எங்கள் வீட்டில் ஆக உயர்ந்த பாராட்டு "தேவலாம்." அப்பா வாயிலிருந்து அது வந்துவிட்டால் அம்மா அந்த வாரம் முழுக்க அதே குழம்பை வைப்பாள். அக்கா மேல்நிலைத் தேர்வில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்தபோது அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "கணக்குல ரெண்டு மார்க் எங்க போச்சு?" என்றார். அன்பில்லாத மனுஷர் இல்லை. பிள்ளையைப் புகழ்ந்தால் கெட்டுவிடும் என்கிற கட்சி.

இந்த ஊரில் நேர் எதிர். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றால் ப்ரில்லியண்ட். சரியான சில்லறை கொடுத்தால் அமேஸிங். நான் வந்த புதிதில், ஒரு பாட்டியம்மாவுக்குப் போர்வை மாற்றிவிட்டு வந்தேன். என் மேலதிகாரி, "ஷீலா, யூ ஆர் எ ஸ்டார்" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஏதோ விருது கொடுக்கிறார்கள் போல என்று நினைத்து அக்காவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். அவள் அன்று சாயங்காலமே மைசூர்பாக்கு வாங்கி எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்கும் கொடுத்திருக்கிறாள். மறுநாள் அதே மேலதிகாரி, ஸ்டேப்ளர் எடுத்துக் கொடுத்த பையனையும் ஸ்டார் என்றாள். அக்காவிடம் அதை நான் சொல்லவேயில்லை.

சில்லறைப் பாராட்டுதான், இருந்துவிட்டுப் போகட்டும். அது யாரையும் கட்டிப் போடாது. ஷிப்ட் முடிந்ததும் அந்த ஸ்டார் தன் கோட்டை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போய்விடுவாள். அடுத்த ஆள் வருவாள். மூன்று ஆள் மாறி மாறிப் பார்க்கிற வேலையை ஒரே பெண் ஒன்பது வருஷம் தனியாகப் பார்த்தால் இந்த ஊரில் அதைத் தியாகம் என்று சொல்ல மாட்டார்கள். அட்டவணை போட்டவளைக் கூப்பிட்டு, உனக்குப் புத்தி இருக்கிறதா என்று கேட்பார்கள்.

3

அக்கா கணக்கு டீச்சர். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புக்கு எடுத்துக்கொண்டிருந்தாள். சிட்லபாக்கத்திலிருந்து சானடோரியம் ஸ்டேஷன் வரைக்கும் நடப்பாள், கையில் ஒரு டிபன் டப்பா, தோளில் திருத்த வேண்டிய பேப்பர் கட்டு. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்ததும் வேலையை விட்டாள். விடு என்று யாரும் சொல்லவில்லை. யாரும் வேறு எதுவும் சொல்லவுமில்லை. அண்ணன் கோவிலம்பாக்கத்தில் அபார்ட்மென்ட் வாங்கிக் குடியேறிவிட்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சாத்துக்குடியோடு வருவான், அப்பா கையைப் பிடித்து ஜெபம் பண்ணுவான், மேடவாக்கம் டிராபிக்கைப் பற்றிச் சொல்லிவிட்டுக் கிளம்புவான்.

நாற்பதைத் தாண்டியும் அக்காவுக்கு வந்த ஒன்றிரண்டு வரன்களும் நின்றுபோயின. "அப்பாவை யார் பார்த்துக்குவாங்க?" என்று அவளே கேட்டாள் என்று வீட்டில் சொல்லிக்கொள்வார்கள். அவள் அதைக் கேள்வியாகத்தான் கேட்டாள். பதிலை யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தாள்.

அப்பா போன பிறகு அம்மா. அம்மாவுக்கு இப்போது மறதி. காலையில் சாப்பிட்டதை மத்தியானம் சாப்பிடவில்லை என்பாள். துணி மாற்றிவிட வேண்டும், கையைப் பிடித்து அழைத்துப் போக வேண்டும். அம்மாவை இங்கே அழைத்துக்கொள்ள நான் விண்ணப்பம் போட்டேன். இந்த நாட்டு விதி என்ன தெரியுமா? பெற்ற தாயைக் கொண்டுவர வேண்டுமென்றால், அவளுடைய நாட்டில் அவளைப் பார்த்துக்கொள்ள ஒருத்தர்கூட இல்லை என்று நாம் நிரூபிக்க வேண்டும். முடியாது என்று பதில் வந்தது. காரணம், விண்ணப்பதாரருக்கு உடன் வசிக்கும் அர்ப்பணிப்புள்ள மகள் ஒருத்தி இருக்கிறாள். பார்த்தீர்களா! சிட்லபாக்கம் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாத ஒரு அதிகாரிகூட எங்கள் அக்காவைப் புகழ்ந்துதான் கதவைச் சாத்தினார்.

இப்போது அந்த விஷயம். மூன்று மாதம் முன்னால் அக்கா போன் பண்ணினாள்.

"சிரிக்க மாட்டியே?"

"என்னக்கா?"

"பால்ராஜ் சார் தெரியும்ல? எங்க ஸ்கூல் பிசிக்ஸ் சார், படப்பையில இருக்காரே. அவர் வொய்ஃப்கூட நாலு வருஷம் முன்னாடி தவறிட்டாங்க."

"ஆமா."

"அவரு கேட்டாருடி."

"என்ன கேட்டாரு?"

"போடி, உனக்குத் தெரியாத மாதிரி."

ஐம்பத்தொரு வயதுப் பெண்மணி, ஆயிரம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள், போனில் பத்தாம் வகுப்புப் பிள்ளை மாதிரி சிரித்தாள். "நீ என்ன சொன்ன?" என்று கேட்டேன்.

"அம்மாவை என்ன பண்றதுன்னு கேட்டேன். அவங்களும் நம்மகூட வரட்டும்னாரு. படப்பையில வீட்டுக்கு அஞ்சு படி ஏறணும், அம்மாவால முடியாது, அதுதான் யோசனை. அண்ணன் வீட்டுல லிஃப்ட் இருக்கு. பாதி நாள் அங்க, பாதி நாள் நான் வந்து பார்த்துக்கிட்டா ஆகும். அண்ணன்கிட்ட பேசணும்."

பேசினாள். அண்ணன் கோபப்படவில்லை, வேண்டாம் என்று சொல்லவில்லை. "ஜெபம் பண்ணுவோம்" என்றானாம். ஒரு வாரம் கழித்து சபைக் கமிட்டியில் பேசி, கிரேஸுக்குப் பாராட்டு விழா என்று ஏற்பாடு பண்ணிவிட்டான்.

4

விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, குடும்ப குரூப்பில் அண்ணன் ஒரு படம் போட்டான். ஃபிளெக்ஸ். சபை வாசலில் ஒன்று, எங்கள் தெரு முனையில் ஒன்று, ஏரிக்கரையில் நடைப்பயிற்சி போகிறவர்கள் பார்க்கிற மாதிரி ஒன்று. மஞ்சள் பின்னணியில் அக்காவின் பழைய பாஸ்போர்ட் போட்டோவைப் பெரிதாக்கிப் போட்டு, தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் வேறு. "பெற்றோருக்காகத் தன் வாழ்வையே அர்ப்பணித்த தியாகச் சுடர் செல்வி கிரேஸ் அவர்களுக்குப் புகழாரம் சூட்டும் பெருவிழா." கீழே, "லண்டனிலிருந்து சிறப்புரை: சகோதரி ஷீலா." எனக்கும் லண்டனுக்கும் இரண்டு மணி நேரப் பயணம். எங்கள் அண்ணனுக்கு இங்கிலாந்து என்றாலே லண்டன்தான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்ன ஒரு மூளை! கல்யாணம் பண்ணிக்கொள்ளாதே என்று சொன்னால் அவன் கெட்டவன் ஆகிவிடுவான். தன் வாழ்வையே அர்ப்பணித்தாள் என்று ஊரெல்லாம் கட்டி வைத்துவிட்டால்? இனி அவள் வாழ்வில் எதையாவது திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமா? அவன் கையில் ஒரு கறையும் இல்லை. மேலே சால்வை, கீழே சங்கிலி.

அண்ணி போன் பண்ணினாள். "எவ்வளவு பெருமை பார்த்தியா ஷீலா. ஊரே கையெடுத்துக் கும்பிடுது. இந்த நேரத்துல போயி வேற பேச்செல்லாம் எடுத்தா நல்லாவா இருக்கும்?" குரலில் தேன் ஒழுகியது. சபைப் பெண்கள் சங்கத்து அம்மாக்கள் குரூப்பில் வரிசையாகப் போட்டார்கள். "கிரேஸ் மாதிரி யார் வருவாங்க." "எங்க கிரேஸ் மாதிரி யார் வருவாங்க." அதுதான் நானும் கேட்கிறேன். யார் வந்தீர்கள்? அப்பாவைப் புரட்டிப் படுக்கவைக்க முடியாமல் அவள் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாளே, அன்றைக்கு இப்படிப் புகழ்கிறவர்களில் ஒருத்தியாவது வந்து இன்னொரு பக்கம் பிடித்தாளா?

இரண்டு நாள் கழித்து அக்காவே கூப்பிட்டாள். குரலில் சிரிப்பே இல்லை.

"தண்ணி கேன் போடுற அண்ணன் இன்னிக்கு வந்து, 'இன்னாக்கா, தெரு முனையில உன் போட்டோதான் பெருசா கீது, அம்மா மாதிரிக்கா நீ'ங்கறாரு. நான் என்ன சொல்ல?"

"நீ என்ன சொன்ன?"

"ரெண்டு கேன் போதும்னு சொன்னேன்." பிறகு சொன்னாள், "விட்டுடலாம்டி. மேடையில ஆயர் ஐயா கையால சால்வை போட்டுக்கிட்டு இறங்கி வந்து, எனக்கு ஓலை வாசிங்கன்னு அவர்கிட்டயே கேட்க முடியுமா? அசிங்கமா இருக்காது? பால்ராஜ் சாருக்கு வேண்டாம்னு மெசேஜ் போட்டுடறேன்."

வெளியில் இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் சபைகளில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு, இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் என்று பீடத்திலிருந்து அறிவிப்பார்கள். அதைத்தான் ஓலை வாசிப்பது என்போம். சின்ன வயதில் ஒவ்வொரு ஓலைக்கும் அக்கா என் தொடையில் கிள்ளுவாள். அவள் பெயர் ஒரு தடவைகூட அங்கே வாசிக்கப்பட்டதில்லை.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அண்ணன், அம்மா, சபை எல்லாத்தையும் ஓரமா வை. உனக்கு வேணுமா, வேண்டாமா?"

"வேணும்டி" என்றாள். அழுதுகொண்டுதான் சொன்னாள்.

"அப்ப அந்த மெசேஜை சனிக்கிழமை வரைக்கும் போடாத. அம்மாவை மாத்தி மாத்திப் பார்த்துக்கிறதா இருந்தா, வருஷத்துல ரெண்டு மாசம் நான் லீவு போட்டு வர்றேன். கேட்டு வாங்கிட்டேன். மீதியை மேடையில பேசிக்கிறேன்."

"ஏய், சண்டை போட்டுடாதடி. அப்பா ஞாபகார்த்தம்."

"சண்டையா? நான் புகழப் போறேன்க்கா. அதுக்குத்தானே கூப்பிட்டிருக்காங்க."

5

சனிக்கிழமை. எனக்கு மத்தியானம், அங்கே சாயங்காலம். ரூத் என் பக்கத்தில், கேமராவில் விழாத இடத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். நான் பட்டுப்புடவை கட்டியிருந்தேன், கீழே வீட்டுச் செருப்பு.

திரையில் சபை ஹால் தெரிந்தது. அப்பா படத்துக்குப் பூ வைத்திருந்தார்கள். அதை ஒட்டியே, அதே அளவில், அக்காவின் ஃபிளெக்ஸ். இரண்டையும் சேர்த்துப் பார்த்த ரூத் என்னைத் திரும்பிப் பார்த்தாள். முன்வரிசையில் அம்மா சக்கர நாற்காலியில், பக்கத்தில் அக்கா, குனிந்த தலையோடு. கடைசி வரிசையில் கட்டம்போட்ட சட்டையில் பால்ராஜ் சார். எதற்காக வந்தோம் என்று அவருக்கே தெரியாத மாதிரி உட்கார்ந்திருந்தார்.

ஒவ்வொருவராகப் பேசினார்கள். மெழுகுவர்த்தி என்றார் ஒருவர். சந்தனக்கட்டை என்றார் இன்னொருவர். உருகுவதும் தேய்வதும்தான் இவர்களுக்குப் பிடித்திருக்கிறது. கமிட்டிச் செயலாளர் வாழ்த்து மடல் வாசித்தார். "தனக்கென வாழாத, தனக்கென எதையும் கேளாத" என்று ராகம் போட்டு இழுத்தார். கேளாத என்ற இடத்தில் அண்ணன் முதலாவதாகக் கை தட்டினான். அக்கா தலை இன்னும் கொஞ்சம் குனிந்தது. அந்தக் கைத்தட்டலைக் கேட்காதிருந்தால் ஒருவேளை நான் கொஞ்சம் மெதுவாகப் பேசியிருப்பேன்.

"அடுத்து, லண்டனிலிருந்து சகோதரி ஷீலா!"

நான் காலேஜ் மேடைக் குரலை எடுத்தேன்.

"ஆயர் ஐயா அவர்களே, சபையாரே, வணக்கம். என் அக்காவைப் பற்றி எல்லாரும் சொல்லிவிட்டீர்கள். அவள் செய்ததை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. ஆனால் இன்றைக்கு இந்த ஹாலில் யாருமே புகழாத ஒருவர் இருக்கிறார். தன்னடக்கத்தால் ஒளிந்துகொண்டிருக்கிறார். அவருக்குப் புகழாரம் சூட்டத்தான் நான் வந்திருக்கிறேன்."

அண்ணன் சுற்றிலும் பார்த்தான். யாரோ பெரிய மனிதர் என்று நினைத்திருப்பான்.

"அவர்தான் எங்கள் சாம் அண்ணன்."

கைத்தட்டல். அண்ணன் முகத்தில் சிரிப்பு வந்தது. வேண்டாம் வேண்டாம் என்பது போலக் கையை ஆட்டினான். அப்படி ஆட்டுகிறவர்களுக்கு வேண்டும் என்று அர்த்தம்.

"ஒன்பது வருஷம் தங்கை உழைத்தாள், இனி என் முறை என்று சொன்னவர் எங்கள் அண்ணன். அம்மாவைக் கோவிலம்பாக்கத்தில் தன் வீட்டுக்கே அழைத்துக்கொள்ளப் போகிறார். லிஃப்ட் இருக்கிற வீட்டில் அம்மா கஷ்டப்படாமல் இருக்கட்டும் என்கிற மனசு எத்தனை பிள்ளைகளுக்கு வரும்? அதுமட்டுமா? அக்காவுக்கும் படப்பை பால்ராஜ் சாருக்கும் திருமணத்தை, ஒரு தகப்பன் ஸ்தானத்தில் நின்று தானே நடத்தி வைக்கப் போகிறார். ஞாயிற்றுக்கிழமையே ஓலை வாசிக்கலாம் என்று ஆயர் ஐயாவிடம் கேட்கத்தான் இந்தக் கூட்டத்தையே கூட்டியிருக்கிறார். வருஷத்தில் இரண்டு மாதம் நானும் வந்து தோள் கொடுப்பேன். மீதியை அண்ணன் பார்த்துக்கொள்வார். எங்கள் அண்ணன் மாதிரி யார் வருவாங்க?"

பெண்கள் சங்கத்திலிருந்து யாரோ "அல்லேலூயா" என்றார்கள். அவ்வளவுதான், மடை உடைந்துவிட்டது. என்ன கைத்தட்டல்! நம் ஜனங்களுக்கு யாரைப் புகழ்கிறோம் என்பது முக்கியமில்லை. புகழ்ச்சி என்று ஒன்று வந்துவிட்டால் கை தானாகத் தட்டும்.

ஆயர் ஐயா பழுத்த மனிதர். விழா மேடைகளில் எப்போதும் ஒரு சால்வை கூடுதலாக வைத்திருப்பார்கள், எதிர்பாராமல் யாராவது முக்கியஸ்தர் வந்துவிட்டால் போடுவதற்கு. அதை எடுத்துப் பிரித்துக்கொண்டு அவர் மேடையிலிருந்து இறங்கி வந்தார். "சகோதரர் சாம் அவர்கள் முன்னே வரவும்" என்றார் செயலாளர். அண்ணன் எழுந்தான். அண்ணி அவன் சட்டையைப் பிடித்து இழுத்ததைக் கேமராவில் நான் பார்த்தேன். ஆனால் முன்னூறு கண் பார்க்கும்போது சால்வைக்குக் குனியாத கழுத்து நம் ஊரில் கிடையாது. குனிந்தான்.

"சகோதரர் ரெண்டு வார்த்தை பேசணும்."

மைக்கை வாங்கினான். திரையில் என்னைப் பார்த்தான். நான் கைகூப்பிக்கொண்டு, மாறாத புன்னகையோடு உட்கார்ந்திருந்தேன்.

"எல்லாம்... கர்த்தருடைய கிருபை" என்றான். "ஷீலா சொன்ன மாதிரி... கர்த்தருக்குச் சித்தமானா..."

"சித்தம்தான், சித்தம்தான்" என்றார் ஆயர் ஐயா. "நாளைக்கே முதல் ஓலை வாசிச்சிடலாம். மாப்பிள்ளை வந்திருக்காரா?"

கட்டம்போட்ட சட்டை மெதுவாக எழுந்து நின்றது. அப்போது முன்வரிசையிலிருந்து அம்மாவின் குரல் கணீரென்று கேட்டது. "யாருக்குக் கல்யாணம்?"

"எனக்கும்மா" என்றாள் அக்கா. மைக் இல்லாமலே எனக்குக் கேட்டது.

"நல்ல காலம். எனக்குச் சாப்பாடு போட்டாங்களா?" என்றாள் அம்மா.

ஹாலே சிரித்தது. அக்காவும் சிரித்தாள். அவள் தலை நிமிர்ந்திருந்தது. அந்த ஒளிவட்ட ஃபிளெக்ஸுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

ரூத் என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, மாமா நிஜமா அப்படியெல்லாம் சொன்னாங்களா?"

"இப்ப சொல்லிட்டாங்கல்ல" என்றேன்.

6

அன்றைக்கே அண்ணன் போன் பண்ணிக் கத்தினான். மேடையில் வைத்து மானத்தை வாங்கிவிட்டேன் என்றான், துரோகி என்றான். "பொய் சொல்ல வாய் கூசல?" என்று கேட்டான். "எனக்காவது பரவாயில்லை, அஞ்சு நிமிஷம் பேசினேன். ஃபிளெக்ஸ் அடிக்க உனக்குக் கை கூசலையா?" என்று நானும் கத்தினேன். ஒருவரை ஒருவர் நன்றாகவே திட்டிக்கொண்டோம். இதை எழுதும்போதுகூட எனக்கு அந்தக் கோபம் முழுசாக இறங்கவில்லை. ஆனால் வாசித்த ஓலையை அவனால் திருப்பி வாங்க முடியவில்லை. கோவிலம்பாக்கத்து அபார்ட்மென்ட்காரர்கள் வேறு அண்ணனைப் பற்றிக் கேள்விப்பட்டு, அம்மா வந்த அன்று லிஃப்ட் வாசலில் கோலம் போட்டு, "ஆதர்ச மகன்" என்று பொக்கே கொடுத்திருக்கிறார்கள். நான் அதை ஏற்பாடு செய்யவில்லை. பாராட்டு ஒரு தடவை கிளம்பிவிட்டால் அதுவாகவே போகும் போல.

கல்யாணம் எளிமையாக நடந்தது. லீவு போட்டுக்கொண்டு நான் போயிருந்தேன். பால்ராஜ் சார் படப்பை வீட்டில் அந்த ஐந்து படிக்குப் பக்கத்தில் சாய்தளம் கட்ட மேஸ்திரியைக் கூப்பிட்டு விட்டார். அது முடிந்ததும் அம்மா பாதி நாள் அங்கே இருப்பாள். யாரும் கேட்காமலே செய்தார், யாரும் அதற்கு விழா எடுக்கவில்லை. அக்கா படப்பையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மறுபடி டியூஷன் ஆரம்பித்திருக்கிறாள். பால்ராஜ் சார் அவள் வைத்த மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, "இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றாராம். அதைச் சொல்வதற்காகவே எனக்குப் போன் பண்ணினாள்.

போன வாரம், நான் இங்கே திரும்பி வந்து சில நாள் ஆனதும், அண்ணனிடமிருந்து அழைப்பு வந்தது. அந்தச் சண்டைக்குப் பிறகு அவனாகப் பேசுவது அதுதான் முதல் தடவை. பின்னால் அம்மா ஏதோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஷீலா, முடியலடி." குரல் உடைந்திருந்தது. "ஒரு நாளைக்கு எத்தனை தடவை துணி மாத்துறது? சாப்பிட்டதும் சாப்பிடலைங்கறாங்க. குளிப்பாட்டும்போது என்னை யாருன்னு கேக்கறாங்க. குனிஞ்சு குனிஞ்சு இடுப்பே போச்சு. நான் ஒருத்தனா எப்படிப் பார்க்கிறது?"

எத்தனையோ பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அத்தனையையும் முழுங்கினேன். பெண்கள் சங்கத்து அம்மாக்களின் குரலை வரவழைத்துக்கொண்டு சொன்னேன்:

"உன்னை மாதிரி யார் வருவாங்க அண்ணா."

அவன் திட்டவில்லை. போனை வைக்கவுமில்லை. கடைசியில், "கிரேஸ் நம்பர் மாறிடுச்சா?" என்று கேட்டான். "அந்த ஒன்பது வருஷத்தைப் பத்தி அவகிட்ட ஒரு வார்த்தை பேசணும்."